கூப்பிட்டது யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 1909 நியூயார்க் தையல் ஸ்ட்ரைக் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுல நின்னவங்கள்ல முக்காவாசி யூத பொண்ணுங்க, பணக்கார லேடீஸும் கூட வந்து நின்னாங்கன்னு. அந்த ரெண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல, பாராட்டு கொஞ்சம், சண்டை கொஞ்சம், கேள்விதான் நிறைய. அதனால இந்த தடவை பூரா யூத பெண்கள் அமைப்புகள், அவங்க யாரோட எல்லாம் கூட்டு சேர்ந்தாங்க, எங்க ஜெயிச்சாங்க, எங்க கைவிடப்பட்டாங்கன்னு அது மட்டும்தான். முடி கொட்டுது, மருமக பேசலன்னு எழுதினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, நான் பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்குறேன். எங்க கம்பெனி வாசல்ல எந்த பணக்கார அம்மாவும் வந்து நின்னதில்ல. அந்த நியூயார்க் லேடீஸ் எதுக்கு வந்தாங்க? நிஜமாவே உதவுச்சா? – வாசகி, திருப்பூர்

உதவுச்சு தங்கச்சி, ஆனா ஒரு அளவு வரைக்கும்தான். அந்த அளவு எங்க வந்து முட்டுச்சுங்கறதுதான் இதுல விஷயமே.

அப்போ நியூயார்க்ல பொம்பளைங்க போடுற மேல் சட்டை தைக்கிற ஃபேக்டரிங்க நூத்துக்கணக்குல இருந்துச்சு. வேலை பாத்தவங்க பெரும்பாலும் ரஷ்யா, போலந்து பக்கமிருந்து கப்பலேறி வந்த யூத குடும்பத்து பொண்ணுங்க, அடுத்தபடியா இத்தாலி பொண்ணுங்க, நிறைய பேருக்கு இருபது வயசு கூட ஆகல. வாரத்துக்கு 56 மணி, 59 மணின்னு வேலை, சீசன்ல அதுக்கும் மேல, இதுல ஊசிக்கு நூலுக்கு கரண்டுக்குன்னு சம்பளத்துல வேற பிடிப்பாங்க. 1909 நவம்பர் 22 கூப்பர் யூனியன் ஹால்ல கூட்டம், மேடைல பெரிய தலைவருங்க ரெண்டு மணி நேரமா பாத்து பண்ணுங்க, யோசிச்சு பண்ணுங்கன்னே பேசிட்டு இருக்காங்க. கிளாரா லெம்லிக்னு 23 வயசு பொண்ணு, ஏற்கனவே முதலாளியோட அடியாளுங்ககிட்ட அடி வாங்கி விலா எலும்பு உடைஞ்சவ, எந்திரிச்சு இட்டிஷ்ல (கிழக்கு ஐரோப்பா யூதர்களோட பேச்சு மொழி) பேச ஆரம்பிச்சா. பேச்செல்லாம் போதும், பொது ஸ்ட்ரைக் போகலாம்னு சொன்னா. ஹாலே எந்திரிச்சிருச்சு. கொஞ்ச நாள்லயே இருபதாயிரம் பேருக்கு மேல வேலைய போட்டுட்டு வெளிய வந்துட்டாங்க.

இப்போ நீ கேட்ட லேடீஸ். 1903ல இருந்தே விமன்ஸ் ட்ரேட் யூனியன் லீக்னு ஒண்ணு இருந்துச்சு, தொழிலாளி பொண்ணுங்களும் வசதியான பெண்களும் ஒரே அமைப்புல உறுப்பினர். ஸ்ட்ரைக் நேரத்துல இந்த வசதியானவங்க செஞ்ச முதல் காரியம் என்ன தெரியுமா, சும்மா வாசல்ல வந்து நின்னாங்க, அவ்ளோதான். ஏன்னா தனியா நின்ன பொண்ணுங்கள போலீஸ் தலைமுடிய பிடிச்சு இழுத்துட்டு போயிட்டு இருந்தாங்க, நல்ல கோட்டு போட்ட அம்மா பக்கத்துல நின்னா கை ஓங்க யோசிச்சாங்க. லீக்கோட நியூயார்க் தலைவி மேரி ட்ரையரையே ஒரு நாள் பிடிச்சிட்டு போய், அப்புறம் யாருன்னு தெரிஞ்சதும் நீங்க பணக்கார வீட்டம்மான்னு முன்னாடியே சொல்லியிருந்தா பிடிச்சிருக்க மாட்டேனேன்னு போலீஸ்காரர் சொன்னதா பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அந்த ஒரு செய்தி பண்ணின வேலைய நூறு மேடைப் பேச்சு பண்ணியிருக்காது. ஆல்வா பெல்மாண்ட்னு கோடீஸ்வர அம்மா ராத்திரி கோர்ட்டுக்கே வந்து உக்காந்து, ஜாமீனுக்கு தன் மாளிகையவே ஈடா காட்டினாங்க. அன்னைக்கு அமெரிக்காவுலயே பெரிய பேங்கர் ஜே.பி. மார்கனோட பொண்ணு ஆன் மார்கனும் கூட நின்னாங்க.

சரி, எங்க முட்டுச்சு? டிசம்பர்ல முதலாளிங்க ஒரு சமரசம் நீட்டினாங்க, நேரம் குறைப்போம் கூலி ஏத்துவோம், ஆனா யூனியன அங்கீகரிக்க மாட்டோம்னு. பொண்ணுங்க முடியாதுன்னுட்டாங்க. கூலி இன்னைக்கு ஏறும் நாளைக்கு இறங்கும், யூனியன் இருந்தாதான் நிக்கும்னு அவங்களுக்கு தெரியும். அங்கதான் பெரிய இடத்து லேடீஸ் சிலருக்கு முகம் மாறிடுச்சு. இவ்ளோ கிடைச்சும் ஏன் பிடிவாதம்னு கேட்டாங்க, ஆன் மார்கன் பகிரங்கமாவே சோஷலிஸ்டுங்க இந்த பொண்ணுங்கள கெடுக்குறாங்கன்னு பேட்டி குடுத்தாங்க. இரக்கப்பட்டு வந்தவங்களுக்கு பாவமா அழுதுட்டு நிக்கிற பொண்ணு வேணும், கணக்கு போட்டு எதிர்த்து பேசுற பொண்ணு வேண்டாம் போல. 1910 பிப்ரவரில ஸ்ட்ரைக் முடியறப்போ பெரும்பாலான கம்பெனிங்க யூனியனோட கையெழுத்து போட்டிருந்துச்சு. போடாத கம்பெனில ஒண்ணு ட்ரையாங்கிள்.

அந்த ட்ரையாங்கிள்லதான் 1911 மார்ச் 25 தீ பிடிச்சு 146 பேர் செத்தாங்க, பூட்டின கதவு, போதாத ஏணி. பெரும்பாலும் யூத, இத்தாலி பொண்ணுங்க. அதுக்கு அடுத்த வாரம் அதே ஆன் மார்கன் மெட்ரோபாலிடன் ஆபரா ஹாலை வாடகைக்கு எடுத்து கண்டன கூட்டம் போட்டாங்க. அதுல ரோஸ் ஷ்னைடர்மன், தொப்பி தைக்கிற தொழிலாளியா இருந்து லீக் தலைவியானவங்க, பேச எந்திரிச்சாங்க. சின்ன குரல். இங்க வந்து நட்பா இனிமையா பேசினா எரிஞ்சு போன உடம்புகளுக்கு நான் துரோகம் பண்ணினவளாவேன், நல்லவங்களான உங்கள எல்லாம் சோதிச்சு பாத்தாச்சு, நீங்க தேறலன்னு சொன்னாங்க. ஹால் எடுத்து குடுத்தவங்க முன்னாடியே நின்னு! ஆனா சொல்லிட்டு லீக்க விட்டு ஓடிடல பாரு. அப்புறமும் பல வருஷம் அதே அமைப்புல இருந்தாங்க, 1922ல அங்க சேர்ந்த எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு (பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியோட மனைவி) தொழிலாளர் பிரச்சனை எல்லாம் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தவங்கள்ல இவங்களும் ஒருத்தர். சண்டையும் போடணும், உறவும் விடக்கூடாதுன்னா அது எவ்ளோ கஷ்டம்னு யூனியன்ல இருந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: வேலைக்கு போற பொண்ணுங்க கதை சரி. வீட்டுல இருக்கற எங்கள மாதிரி ஆளுங்க அங்க ஒண்ணும் பண்ணலையா? – இல்லத்தரசி, கும்பகோணம்

பண்ணாமலா. 1902 மே மாசம், நியூயார்க் கீழ்க்கிழக்கு பகுதில கோஷர் கறி, அதாவது அவங்க மத முறைப்படி அறுத்த கறி, ஒரு பவுண்டு 12 சென்ட்ல இருந்து 18 சென்ட் ஆச்சு. வீட்டு பொம்பளைங்க கூடி கறி வாங்க மாட்டோம்னு முடிவு பண்ணி வீடு வீடா கதவ தட்டினாங்க, மீறி வாங்கினவங்க கறிய பிடுங்கி தெருவுல வீசினாங்க, அதுல மண்ணெண்ணெய வேற ஊத்தினாங்க. சனிக்கிழமை ஜெபக்கூடத்துக்குள்ள போய் வேதம் வாசிக்கிறத நிறுத்தி நியாயம் கேட்டாங்க. நிறுத்தி நியாயம் கேக்கறது அவங்க மரபுலயே இருக்கற உரிமைதான், ஆனா பொம்பளைங்க அத எடுத்து பயன்படுத்தினதுதான் புதுசு. ஜூன்ல விலை 14 சென்ட்டுக்கு இறங்குச்சு.

ஆனா இது ஒரே சமூகத்துக்குள்ள நடந்தது. கூட்டணின்னு பாத்தா 1935தான். மேல சொன்ன கிளாரா லெம்லிக், ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் எந்த கம்பெனியும் வேலை குடுக்காததால (முதலாளிங்க கருப்புப் பட்டியல்) கல்யாணம் பண்ணி புள்ளைகளோட இருந்தவங்க, சும்மா இருக்கல, குடும்பப் பெண்கள சேர்த்து அமைப்பு கட்டிட்டே இருந்தாங்க. பொருளாதார மந்த காலத்துல கறி விலை ஏறினப்போ அந்த அமைப்பு யூதர் தெருவோட நிக்கல, கருப்பினத்தவர் நிறைய வாழ்ந்த ஹார்லெம் பகுதில அங்க இருந்த பெண்களோட சேர்ந்து கடை முன்னாடி மறியல் பண்ணுச்சு, நகரத்துல ஆயிரக்கணக்கான கறிக்கடை மூடிச்சு, வேற ஊருங்களுக்கும் பரவுச்சு. பழக்கம் வேற, சாமி வேற, ஆனா பவுண்டுக்கு எவ்ளோங்கறது எல்லாருக்கும் ஒண்ணுதான். பிற்பாடு 1950கள்ல எம்மா லசாரஸ் ஃபெடரேஷன்னு இடதுசாரி யூத பெண்கள் அமைப்பு ஒண்ணு, கருப்பின பெண்களோட சோஜர்னர்ஸ் ஃபார் ட்ரூத் அண்ட் ஜஸ்டிஸ் அமைப்போட கை கோத்தப்போ அதுலயும் கிளாரா இருந்தாங்க. பிற்காலத்துல முதியோர் இல்லத்துல சேர்ந்தப்போ அங்க வேலை பாக்கறவங்கள யூனியன் கட்ட சொல்லி உசுப்பிவிட்டாங்கன்னு சொல்வாங்க, எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல.

கேள்வி: மேடம், காலேஜ்ல செமினார் இருக்கு. யூத பெண்கள் அமைப்புன்னாலே நேஷனல் கவுன்சில் ஆஃப் ஜூயிஷ் விமன் பேருதான் வருது. சுருக்கமா சொல்லுங்களேன். – மாணவி, திருச்சி

1893, சிகாகோ உலக கண்காட்சி. (விவேகானந்தர் பேசினாரே, அதே சர்வமத சபை நடந்த அதே வருஷம் அதே ஊர்.) யூத மதம் சார்பா பெண்களையும் கூட்டிட்டு வாங்கன்னு ஹன்னா கிரீன்பாம் சாலமன்கிட்ட கேட்டாங்க. அவங்க யூத ஆம்பளைங்க கமிட்டிகிட்ட சேர்ந்து பண்ணலாமான்னு போனா, வாங்க வாங்கன்னு சொல்லிட்டு நிகழ்ச்சி நிரல்ல ஒரு பொண்ணு பேரு கூட போடல. கிளம்பிட்டாங்க. தனியா யூத பெண்கள் மாநாடு நடத்தி, அது முடியற அன்னைக்கே அமைப்பு ஆரம்பிச்சாங்க.

உன் செமினாருக்கு நான் சொல்றது, எல்லிஸ் தீவு பகுதிய விட்டுடாத. நியூயார்க் துறைமுகத்துல, கப்பல்ல குடியேற வர்றவங்கள இறக்கி விசாரிச்ச இடம் அது. துணை இல்லாம தனியா கப்பல்ல வர்ற பொண்ணுங்கள ஏமாத்தி கடத்திட்டு போறதுக்குன்னே ஆளுங்க காத்திருப்பாங்க. இந்த அமைப்பு 1904 வாக்குல இருந்து இட்டிஷ் பேசத் தெரிஞ்ச பெண் ஊழியர்கள அங்கயே நிறுத்தி, வர்ற ஒவ்வொரு பொண்ணையும் விசாரிச்சு, போற விலாசம் நிஜமான்னு பாத்து அனுப்புச்சு. அமைப்பு தனியா அங்க போய் நிக்க முடியாது, அதனால அரசாங்கத்தோட சேர வேண்டியதாச்சு. இதே அமைப்பு பெண்கள் ஓட்டுரிமைக்கு தேசிய அளவுல ஆதரவு தீர்மானம் போடவே இல்லங்கறதையும் சேர்த்து எழுது, உறுப்பினர்களுக்குள்ளயே கருத்து ஒத்துப் போகல. தனிப்பட்ட முறைல நிறைய பேர் ஓட்டுரிமைக்கு உழைச்சாங்க. புகழ மட்டும் எழுதினா செமினார்ல யாராவது கேள்வி கேட்டு மடக்கிருவாங்க.

கேள்வி: 1964ல கருப்பின பெண்களும் யூத பெண்களும் சேர்ந்து மிசிசிப்பிக்கு புதன்கிழமை புதன்கிழமை போனாங்கன்னு எங்கயோ படிச்சேன். வாரம் ஒரு நாள் போய் என்ன சாதிக்க முடியும்? டூர் மாதிரி இருக்கே. – ஓய்வு பெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

டீச்சர், இந்த சந்தேகம் அன்னைக்கே பல பேருக்கு இருந்துச்சு. கொஞ்சம் விரிவாவே சொல்றேன், எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச கதை இதுதான்.

மிசிசிப்பி அமெரிக்காவோட தெற்கு மாநிலம், அன்னைக்கு அங்க கருப்பரும் வெள்ளையரும் பிரிஞ்சே வாழணும், கருப்பர்கள ஓட்டுப் பதிய விடாம தடுப்பாங்க. அந்த 1964 கோடைல ஓட்டுப்பதிவுக்கு உதவ வடக்குல இருந்து நிறைய இளைஞர்கள் அங்க போனாங்க. நீங்க படிச்ச திட்டத்துக்கு பேரு 'மிசிசிப்பில புதன்கிழமைகள்', ஆரம்பிச்சது ரெண்டு பேர். டாரத்தி ஹைட், கருப்பின பெண்களோட தேசிய கவுன்சில் தலைவி. இன்னொருத்தர் பாலி கோவன், சிகாகோல வசதியான யூத குடும்பத்துல பிறந்து நியூயார்க்ல இருந்தவங்க, அந்த கருப்பின அமைப்புக்குள்ளயே தொண்டரா வேலை பாத்தவங்க. கவனிங்க, இவங்க தனியா ஒரு அமைப்ப கட்டிட்டு வந்து வாங்க உங்களுக்கு உதவுறோம்னு சொல்லல, அவங்க வீட்டுக்குள்ள போய் அவங்க தலைமைல வேலை பாத்தாங்க. ரெண்டு பேரும் 1963ல அலபாமா மாநிலத்துல கருப்பின ஓட்டுரிமைப் போராட்டம் நடந்த செல்மாவுக்கு போய் அங்க ஜெயில்ல போட்ட பசங்க கதைய எல்லாம் கேட்டுட்டு வந்தாங்க. 1964 மார்ச்ல அட்லாண்டால பல பெண்கள் அமைப்புகள கூட்டி ஒரு கூட்டம். அதுக்கு மிசிசிப்பியோட ஜாக்சன்ல இருந்து கிளாரி காலின்ஸ் ஹார்வி வந்திருந்தாங்க. அவங்க குடும்பத் தொழில் இறுதிச் சடங்கு நடத்துற நிறுவனம், வெள்ளைக்காரங்க தயவு தேவைப்படாத சொந்த தொழில், அதனால தைரியமா பேச முடிஞ்சுது. 1961ல ஃப்ரீடம் ரைடர்ஸ் (பஸ்ல நிறப் பிரிவினைய மீறி சேர்ந்து பயணம் பண்ணி கைதான போராளிங்க) கோர்ட்டுல குளிர்ல நடுங்குறத பாத்துட்டு ஸ்வெட்டர் திரட்டி அனுப்பினதுல ஆரம்பிச்சு உமன்பவர் அன்லிமிடெட்னு ஒரு அமைப்பே கட்டினவங்க. அவங்கதான் கேட்டாங்க, வடக்குல இருந்து நீங்க எல்லாம் வாங்க, வந்து சும்மா எங்க பக்கத்துல இருங்க, இந்த கோடைல இங்க ரத்தம் ஓடப் போகுதுன்னு பயமா இருக்கு, எங்க ஊர் வெள்ளைக்கார பெண்களோட பேச ஒரு வழி பண்ணுங்கன்னு. போனது இந்த அழைப்புலதான். யாரும் கூப்பிடாம போய் குதிச்சிருந்தா நீங்க சொல்ற டூர் ஆகியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட்ல ஏழு குழு, மொத்தம் 48 பேர். யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், கருப்பு, வெள்ளை எல்லாம் கலந்து. நேஷனல் கவுன்சில் ஆஃப் ஜூயிஷ் விமன், ஒய்.டபிள்யூ.சி.ஏ., கத்தோலிக்க பெண்கள் கவுன்சில், சர்ச் விமன்னு பெரிய பெரிய அமைப்புல இருந்து வந்தவங்க. செவ்வாய் விமானம் ஏறுவாங்க, புதன்கிழமை சின்ன ஊர் ஒண்ணுக்கு போய் ஃப்ரீடம் ஸ்கூல் (கருப்பின பிள்ளைகளுக்கு தொண்டர்கள் நடத்தின கோடைப் பள்ளி), ஓட்டுப்பதிவு வேலை எல்லாம் பாப்பாங்க, ஜாக்சன்ல வெள்ளைக்கார பெண்களோட டீ குடிப்பாங்க, வியாழன் திரும்புவாங்க. விமானத்துல சேர்ந்து உக்காந்து சிரிச்சு பேசிட்டு வந்தவங்க, ஜாக்சன்ல இறங்கினதும் வெள்ளை ஒரு பக்கம் கருப்பு ஒரு பக்கம் முன்னப்பின்ன தெரியாதவங்க மாதிரி பிரிஞ்சு போகணும், வேற வேற வண்டி, தங்கறது வேற வேற இடம். கையுறை, முத்துமாலை, நல்ல கவுன். வேணும்னேதான் அப்படி போனாங்க, எதிர்ல இருக்கற வெள்ளைக்கார அம்மா இவங்கள கலகக்காரின்னு ஒரே வார்த்தைல ஒதுக்கிடக் கூடாதில்ல.

இது விளையாட்டு இல்லங்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். அந்த ஜூன் 21ஆம் தேதிதான் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர்னு கருப்பினத்தவர் உரிமைக்காக வேலை பாத்த மூணு இளைஞர்கள் மிசிசிப்பில காணாம போனாங்க, ஆகஸ்ட் 4 பிணமா கிடைச்சாங்க. சேனி கருப்பர், மத்த ரெண்டு பேரும் நியூயார்க் யூத வீட்டு பசங்க. பாலி கோவனோட ரெண்டு மகன்களும் அதே கோடைல அதே மாநிலத்துலதான் வேலை பாத்துட்டு இருந்தாங்க. குழுவுல போன பல அம்மாக்கள் மனசுல என்ன ஓடியிருக்கும்னு நினைச்சு பாருங்க.

என்ன சாதிச்சாங்க? டீ குடிச்சதுல எத்தனை மனசு மாறுச்சுன்னு அளக்க முடியாது, சிலது மாறவே இல்ல. ஆனா பேச பயந்துட்டு தனித்தனியா வீட்டுல இருந்த ஜாக்சன் வெள்ளைக்கார பெண்கள் சிலருக்கு நாம தனி ஆள் இல்லன்னு ஒரு தெம்பு வந்துச்சு. அங்க பேட் டெரியன் மாதிரி ஆளுங்க, கருப்பு பிள்ளைகள சேர்க்க சொன்னா அரசாங்க ஸ்கூலையே மூடிடுவோம்னு கிளம்பின கூட்டத்துக்கு எதிரா நின்னுட்டு இருந்தாங்க, அவங்களுக்கு இந்த வருகை பலம். டெரியன் பிற்பாடு ஜிம்மி கார்ட்டர் ஆட்சில மனித உரிமை பொறுப்புல உயர் அதிகாரியானாங்க. ஊருக்கு திரும்பின குழுவினரும் சும்மா இருக்கல, பார்த்தத சர்ச்சுலயும் ஜெபக்கூடத்துலயும் போய் சொல்லி புத்தகம், பணம், ஆதரவு திரட்டினாங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும். ஜாக்சன்லயே வாழ்ந்த யூத குடும்பங்க ரொம்ப கம்மி, அவங்க பயந்து பயந்துதான் இருந்தாங்க. வடக்குல இருந்து வந்த யூத அம்மா வியாழக்கிழமை விமானம் ஏறிடுவா, இவங்க அங்கயே இருக்கணும். 1967 செப்டம்பர்ல அந்த ஊர் பெத் இஸ்ரேல் ஜெபக்கூடத்துல வெள்ளை இனவெறிக்காரங்க குண்டு வச்சாங்க, நவம்பர்ல அந்த ஜெபக்கூடத்து ரப்பி (யூத மதகுரு) வீட்டுலயே வச்சாங்க. அதனால உள்ளூர் யூதர்கள் ஏன் கூட வரலன்னு ஈசியா கேட்டுட முடியல என்னால.

1966ல பேரே மாத்திட்டாங்க, மிசிசிப்பி பட்டறைகள்னு. இந்த தடவை டீ கிடையாது. ஏழை கருப்பின பெண்களையே உக்கார வச்சு உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. சாப்பாடு, வீடு, குழந்தைகள பாத்துக்க இடம், வேலைன்னு பதில் வந்துச்சு. அதுல இருந்து வந்ததுதான் கல்ஃப்போர்ட்ல ஏழைங்க சொந்தமாக்கிக்கற வீட்டுத் திட்டம், மிசிசிப்பியோட கருப்பின உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரோட சேர்ந்து ஆரம்பிச்ச பன்றி பேங்க். பன்றிய கடனா வாங்கி வளர்த்து, குட்டி போட்டதும் ரெண்டு குட்டிய திருப்பிக் குடுக்கணும், அது அடுத்த குடும்பத்துக்கு போகும். முத்துமாலைல ஆரம்பிச்சது பன்றிக்குட்டில வந்து நின்னுச்சு டீச்சர், நான் அத வளர்ச்சின்னுதான் சொல்வேன்.

கேள்வி: எல்லாம் வெற்றி கதையாவே சொல்றீங்க. கூட்டணி காலை வாரின கதை இல்லையா? – வாசகர், ஈரோடு

இருக்கு சார், அதுவும் மோசமானது. ஜெர்மனி. 1904ல பெர்த்தா பாப்பன்ஹைம் யூத பெண்கள் சங்கம் ஆரம்பிச்சாங்க, உச்சத்துல சுமார் 50,000 உறுப்பினர்கள். (மனோதத்துவ பாடத்துல வர்ற பிரபலமான நோயாளி 'அன்னா ஓ' இவங்கதான், ஆனா அந்த ஒரு அடையாளத்துலயே இவங்கள அடைச்சு வைக்கறது அநியாயம்.) பெண்கள கடத்தி விக்கிறத எதிர்த்து போராடினாங்க, நோய்-இசன்பர்க்ல கல்யாணமாகாம குழந்தை பெத்த பொண்ணுங்களுக்கு இல்லம் நடத்தினாங்க. கடத்துறவங்கள்ல யூதர்களும் இருக்காங்கன்னு வெளிப்படையா சொன்னதால சொந்த சமூகத்துல பெரியவங்க திட்டினாங்க, எதிரிங்க கையில ஆயுதம் குடுக்குறியான்னு. அந்தம்மா கேக்கல.

1907ல இவங்க சங்கம் ஜெர்மன் பெண்கள் சங்கங்களோட பெரிய கூட்டமைப்புல சேர்ந்துச்சு. கால் நூற்றாண்டு ஒண்ணா ஓட்டுரிமை, கல்வி, வேலைன்னு உழைச்சாங்க. ஆனா விரிசல் முன்னாடியே தெரிஞ்சுது. சமூக சேவைப் படிப்புக்கு முன்னோடியான ஆலிஸ் சாலமன் முதல் உலகப் போர் முடிஞ்ச சமயத்துல அந்த கூட்டமைப்புக்கு தலைவி ஆகியிருக்கணும், யூதப் பேரோட ஒருத்தர் தலைமைல இருந்தா எதிர்ப்பு வரும்னு ஒதுக்கி வச்சாங்க. இத்தனைக்கும் அவங்க அதுக்குள்ள கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தாங்க. எதிரி வர்றதுக்கு முன்னாடியே எதிரிக்கு பயந்து சொந்த ஆள ஒதுக்கினாங்க பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. 1933 மே மாசம் நாஜிங்க நெருக்கினப்போ யூத சங்கம் வெளியேறுச்சு, சில நாள்ல கூட்டமைப்பும் தன்னையே கலைச்சுக்குச்சு. பாப்பன்ஹைம் 1936ல காலமானாங்க. 1938 நவம்பர்ல யூதர்களுக்கு எதிரா நாஜிங்க நடத்தின கலவரத்துல நோய்-இசன்பர்க் இல்லத்துக்கு தீ வச்சாங்க, அங்க மிச்சம் இருந்தவங்கள 1942ல நாஜி முகாமுக்கு கொண்டு போனாங்க.

கேள்வி: யூத பெண்கள் சமூக நீதின்னு பக்கம் பக்கமா எழுதறீங்களே, காசால நடக்கறது கண்ணுக்கு தெரியலையா? – பெயர் வேண்டாம், மேலப்பாளையம்

தெரியுது. இந்த கோபம் புரியாம இல்ல, காசால நடந்த அழிவ பாத்து கோபம் வரலன்னாதான் தப்பு. ஆனா 1909ல நியூயார்க்ல சட்டை தைச்ச பொண்ணயும் இஸ்ரேல் அரசாங்கத்தயும் ஒரே கணக்குல எழுத முடியாது, அது வேற நாடு, வேற காலம், வேற ஆளுங்க.

இஸ்ரேலுக்குள்ளயே பாருங்க. 1988 ஜனவரில, பாலஸ்தீன எழுச்சி தொடங்கின அடுத்த மாசம், ஜெருசலேம்ல சில யூத பெண்கள் கருப்பு உடுப்பு போட்டு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ரோட்டுல நிக்க ஆரம்பிச்சாங்க, ஆக்கிரமிப்ப நிறுத்துன்னு போர்டு பிடிச்சிட்டு. போறவங்க வர்றவங்க துப்பினாங்க, வேசின்னு ஏசினாங்க. விமன் இன் பிளாக்னு அது உலகம் பூரா பரவுச்சு, நம்ம பெங்களூருல விமோசனா பெண்கள் கூட அதே மாதிரி கருப்பு உடுத்தி நின்னிருக்காங்க.

2014 காசா போருக்கு அப்புறம் விமன் வேஜ் பீஸ்னு ஒரு அமைப்பு. 2021ல பாலஸ்தீன பக்கம் விமன் ஆஃப் தி சன்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. இவங்க ஒண்ணா கலந்து ஒரே அமைப்பாகல. ரெண்டு பக்க நிலைமையும் ஒண்ணு இல்ல, ஒருத்தர் ஆக்கிரமிப்புல வாழறவங்க, இன்னொருத்தர் ஆக்கிரமிக்கிற நாட்டோட குடிமக்கள். அதனால தனித்தனியா இருந்துகிட்டே, அம்மாக்களோட அழைப்புன்னு ஒரு பொது கோரிக்கைய மட்டும் சேர்ந்து வெளியிட்டாங்க. 2023 அக்டோபர் 4, ரெண்டு பக்கமும் சேர்ந்து ஜெருசலேம்லயும் சாவுக்கடல் கரையிலயும் கூடினாங்க. மூணே நாள்ல அக்டோபர் 7, ஹமாஸ் இஸ்ரேலுக்குள்ள புகுந்து தாக்கின நாள். விமன் வேஜ் பீஸ் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான விவியன் சில்வர், 74 வயசு, காசாவுல இருந்து நோயாளிகள இஸ்ரேல் ஆஸ்பத்திரிக்கு கார்ல கூட்டிட்டு போனவங்க, காசா எல்லைக்கு பக்கத்துல பெயெரிங்கற ஊர்ல அவங்க வீட்டுலயே அந்த தாக்குதல்ல கொல்லப்பட்டாங்க. அதுக்கப்புறமும் அவங்க மகன் பழிவாங்க கேக்கல, சமாதானம்தான் கேட்டார். இந்த பெண்களால போர நிறுத்த முடிஞ்சுதா, இல்ல. அத மறைச்சு எழுத மாட்டேன்.

கேள்வி: நம்ம நாட்டுல யூத பெண்கள் இப்படி ஏதாவது? – வாசகி, சென்னை

எண்ணிக்கை ரொம்ப கம்மி, ஆனா ஒரு பேரு சொல்றேன், டாக்டர் ஜெரூஷா ஜிராட். மகாராஷ்டிராவுல காலம் காலமா வாழ்ற பெனே இஸ்ரேல்ங்கற யூத சமூகம். பம்பாய் காமா ஆஸ்பத்திரிய பல வருஷம் நடத்தினவங்க, இந்திய பெண் டாக்டர்கள் சங்கத்துக்கு பத்து வருஷம் தலைவி, 1966ல பத்மஸ்ரீ. பிரசவத்துல தாய்மார் ஏன் சாகறாங்கன்னு கணக்கெடுத்து ஆராய்ஞ்சாங்க. 1950 ஜனவரில நம்ம மெட்ராஸ்லதான் பல மாநில மகப்பேறு டாக்டர்கள் சங்கங்க ஒண்ணு கூடி இந்திய கூட்டமைப்பா ஆனாங்க, அத கட்டினதுல இவங்க முக்கியமானவங்க. அவங்க சமூகத்துல 1913லயே பெண்களுக்கு ஸ்த்ரீ மண்டல்னு ஒரு சங்கம் இருந்துச்சு.

கேள்வி: எங்க அப்பார்ட்மென்ட்ல லேடீஸ் கிளப் இருக்கு. வீட்டு வேலை செய்யற பெண்களுக்கு ஏதாவது பண்ணலாம்னு ஆசை. உங்க யூத பெண்கள் கதைல எங்களுக்கு ஏதாவது இருக்கா? – கிளப் செயலாளர், கோயம்புத்தூர்

அச்சு அசலா உங்களுக்கே ஒண்ணு இருக்கு மேடம். நியூயார்க்ல 2000ல இருந்து டொமஸ்டிக் வொர்க்கர்ஸ் யுனைடெட்னு வீட்டு வேலை செய்யற பெண்களோட அமைப்பு, பெரும்பாலும் கரீபியன், லத்தீன், ஆசிய பெண்கள். தங்களுக்கு தனி சட்டம் வேணும்னு போராடிட்டு இருந்தாங்க. இன்னொரு பக்கம் யூதர்களோட ஒரு நீதி அமைப்பு, ஜே.எஃப்.ஆர்.இ.ஜே.ன்னு (ஜூஸ் ஃபார் ரேஷியல் அண்ட் எகனாமிக் ஜஸ்டிஸ்). இது பெண்கள் அமைப்பு மட்டும் இல்ல. அவங்க இந்த தொழிலாளர்களுக்கு ஆதரவா ஷலோம் பாயித்னு ஒரு பிரசாரம் பண்ணினாங்க, வீட்டு அமைதின்னு அர்த்தம். அவங்க சட்டுனு தெருவுக்கு வந்துடல, முதல்ல தங்க வீட்டையே பாத்தாங்க. நாமதான் முதலாளி, நம்ம வீட்டுல எத்தனை மணி நேரம், லீவு உண்டா, ஓவர்டைம் குடுக்கிறோமான்னு ஜெபக்கூடம் ஜெபக்கூடமா போய் முதலாளிகளா இருக்கறவங்ககிட்டயே பேசினாங்க. அப்புறம் சட்டசபைக்கு போறப்போ தொழிலாளி முன்னாடி பேசுவா, இவங்க பின்னாடி நின்னு, வேலைக்கு ஆள் வச்சிருக்கற எங்களுக்கும் இந்த சட்டம் வேணும்னு சொல்வாங்க. சட்டசபைல இருக்கறவங்களுக்கு முதலாளிங்க எதிர்ப்பாங்களேன்னு சாக்கு சொல்ல வழி இல்லாம போச்சு. 2010 ஆகஸ்ட் 31 கவர்னர் டேவிட் பேட்டர்சன் கையெழுத்து போட்டார். ஓவர்டைம், வாரத்துல ஒரு நாள் ஓய்வு, வருஷத்துல மூணு நாள் சம்பளத்தோட லீவு. அமெரிக்காவுலயே இந்த மாதிரி முதல் சட்டம்.

அதனால தீபாவளிக்கு புடவை குடுக்கற நிகழ்ச்சிய கொஞ்சம் தள்ளி வைங்க. உங்க பிளாக்ல வேலை பாக்கறவங்களுக்குள்ள யார் பேச்சு எடுபடும்னு அவங்களுக்கே தெரியும், அவங்கள கேளுங்க. கூட்டம் எப்போன்னு அவங்க சொல்லட்டும், நீங்க எல்லாம் ஃப்ரீயா இருக்கற மதியம் மூணு மணி அவங்களுக்கு அடுத்த வீட்டு பாத்திர நேரமா இருக்கும். முதல் கூட்டத்துல நீங்க யாரும் பேச வேண்டாம். அவங்க கேக்கறதுல முதல் விஷயம் லிஃப்ட்டா, மாசத்துல நாலு நாள் லீவா, பாத்ரூமான்னு தெரிஞ்சதும், அத உங்க அசோசியேஷன் மீட்டிங்ல தீர்மானமா கொண்டு வாங்க. உங்க கிளப்லயே எத்தனை பேர் கை தூக்குறாங்கன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறேன், பேர் போடாம.